எட்டு மணி இரத்தம்

ஆய்வுகூடப் பெடியன் சொல்லிவிட்டான்:
காலை எட்டுக்கு ஒரு குழாய்,
பின்னேரம் நாலுக்கு இன்னொரு குழாய்.
இடையில் டென்சன் ஆகக் கூடாதாம்.

இன்றைக்கு முப்பதாந் திகதி.
நான் லீசிங் கொம்பனியில் கடன் அறவிடுகிறவள்.
சிரித்துவிட்டேன்.
அந்தச் சிரிப்பும் இரத்தத்தில் விழுமோ தெரியாது.

ஆஸ்பத்திரி வீதி. பிளாஸ்டிக் கதிரை.
எனக்கு முன் ஆறு பேர்.
மடியில் துண்டு. துண்டில்
டொக்டரின் கோழிக்கிறுக்கலில் 'கோட்டிசோல்'.
சனம் இதைத்தான்
ஈரக்குலை பதறுது என்று சொல்லும்.

உயர்தரத்தில் உயிரியல் படித்தனான்.
சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்தாற்போல ஒரு சுரப்பி,
மஞ்சள் பென்சிலால் தீட்டிப் பெயர் குறித்தேன்.
நாய் துரத்தினால் ஓமோன் சுரக்கும்,
நெஞ்சு அடிக்கும், இரத்தத்தில் சீனி ஏறும்,
கால் ஓடும்,
நாய் போனதும் எல்லாம் அடங்கும் என்று எழுதினேன்.
பத்துக்கு எட்டுத் தந்தார்கள்.
நாய் போகாவிட்டால் என்ன என்று
வினாத்தாள் கேட்கவில்லை.

இப்போது எனக்குத் தெரியும்.
தலைமயிர் குளியலறைத் துவாரத்தை அடைக்கும்.
மாதச் சுகவீனம் இரண்டு மாதம் வராது, பிறகு
கோப்பாய்ச் சந்தியில், ஸ்கூட்டியில் இருக்கும்போது வரும்.
சாப்பிடாமலே வயிறு வைக்கும்.
இரவு மூன்று மணிக்கு, ஆரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல,
கண் திறக்கும்.
ஒருவரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ஆறு பத்துக்கு மனேஜர் நிமலேந்திரனின் குரல்:
'தங்கச்சி, நீர்வேலி ஏன் இன்னும் சிவப்பாக் கிடக்கு?'
அவரைக் கொழும்பு ஐந்தரைக்கே எழுப்பியிருக்கும்.
அவருக்கும் பிறசர்க் குளிசை இருக்கிறது,
மேசை லாச்சியில், ஸ்ரேப்ளர் பெட்டிக்குக் கீழே.
நான் கண்டனான். கண்டதாகக் காட்டவில்லை.

ஒவ்வொரு படலையிலும்
'வீட்டில ஆரும் இருக்கிறியளோ' என்று கேட்க முன்
என் வயிறு ஒருமுறை கல்லாகும்.
உள்ளே ரீவிச் சத்தம் நிற்கும்.
சத்தம் நிற்பதைக் கேட்கத் தெரிந்தால்தான்
இந்த வேலை.
'மனதைக் கொஞ்சம் ஆறவிடுங்கோ' என்றார் டொக்டர்.
மனம் என்ன, பிளேன்ரீயா?

'திருமதி பத்மாவதனி குகராசா.'

பெடியன் கூப்பிட்டதும் நிமிர்ந்தேன்.
எனக்கு அந்தப் பெயர் தெரியும்.
நீர்வேலி, வாழைத்தோட்டத்துக்குப் பின்வீடு,
முச்சக்கரவண்டி, மூன்று தவணை நிலுவை.
கடைசிக் கதிரையில் இருந்து எழுந்தாள்.
கையில் என்னுடையதைப் போலவே ஒரு துண்டு.

என்னைக் கண்டாள்.

முகத்தை அவள் மாற்றவில்லை. கெட்டிக்காரி.
கழுத்தில், தாலிக்கொடிக்குச் சற்று மேலே,
நரம்பொன்று துடித்தது.
படலைக்கு வெளியே நின்று
இத்தனை நாளும் நான் காணாதது அது.

அந்தக் கணத்தில்
அவளுடைய சுரப்பிக்குள் நான் இருந்தேன்.
அவளுடைய சீனியில், அவளுடைய மூன்று மணியில்.
எட்டுப் புள்ளிக்கு நான் எழுதிய விடையில்
நாயின் பக்கத்தில்.

'கை நடுங்குதக்கா, நரம்பு பிடிபடேல்லை.
பத்து நிமிசம் இருந்திட்டு வாங்கோ.'

நான் எழும்பி வெளியே வந்தேன்.
அது இரக்கமோ வெட்கமோ, இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.
என் முறை போனால் போகட்டும்.
வீதியில் வெயில் ஏறிவிட்டது.
இலைக்கஞ்சி வண்டிக்காரன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான்.
வாங்கிக் குடிக்க முடியாது, வெறுவயிறு.

போன் அடித்தது. நிமலேந்திரன்.
'நீர்வேலி என்னாச்சு? அந்தப் பொம்பிளை?'

கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
அவள் கண்மூடி இருந்தாள்.
உள்ளங்கை மேலே பார்த்தபடி.

'அவ வீட்டில இல்லை, சேர்' என்றேன்.

பொய் இல்லை.